கடைவாய்ப்பல்லின் மேல் மழை

ஆரம்பத்தில் என் பல்லை யாருமே பார்க்கவில்லை. பார்க்காததோடு விட்டார்களா, மிதித்துக்கொண்டும் போனார்கள்.

தப்பு என்னுடையதுதான். செயற்கைப் பல் செய்யும் லேபில் வருஷக்கணக்காக வேலை பார்ப்பவளுக்கு ஒரு கடைவாய்ப்பல்லின் அளவு விரல் நுனியில் பதிந்திருக்கும். சுண்டுவிரல் நகத்தைவிட ஒரு மயிரிழை அகலம். அதே அளவில் ஒன்றைச் செய்து அந்த உலகத்தின் திடலில் வைத்துவிட்டு, யாராவது வந்து குறை சொல்வார்கள் என்று பக்கத்திலேயே நின்றிருந்தேன். அங்கே நடமாடுகிறவர்கள் எல்லாம் ஆள் உயரம். சிலர் ஒட்டகச்சிவிங்கி உயரம். அவர்கள் கண்ணுக்கு என் பல் ஒரு கல் உப்பு.

அந்த உலகம் கணினிக்குள் இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் இஸ்திரி மேசையை விரித்து, அதன்மேல் மடிக்கணினியை வைத்து, நின்றபடியே உள்ளே போய்விடுவேன். எங்கள் வீட்டில் என் உயரத்துக்குச் சரியாக இருப்பது அந்த ஒரு மேசைதான். உள்ளே கடல் உண்டு, ரயில் உண்டு, நிலா இரண்டு உண்டு. வருகிறவர்கள் அவரவருக்குப் பிடித்த உருவத்தில் நடமாடலாம், மனிதராகவோ மயிலாகவோ. ரொம்ப நாள் நான் அங்கே போனது ஒரு ரயிலில் ஜன்னலோரம் உட்காரத்தான். அந்த ரயில் எந்த ஊருக்கும் போகாது. ஆனால் வெளியே எப்போதும் பனி பெய்துகொண்டிருக்கும். அதுவே போதுமாக இருந்தது.

இந்த முறை போனது பனி பார்க்க இல்லை. எங்கள் லேபில் கணினியில் பல் வடிவமைத்துக்கொண்டிருந்தவர் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. அந்த நாற்காலியை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெழுகில் செதுக்குவது எனக்குக் கைவந்த வேலை; கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன் என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். ஆனால் திரையில் ஒரு பல் மெல்ல உருண்டு திரும்பும்போது, அது ஏதோ தூரத்துக் கிரகம் மாதிரி இருக்கும். அங்கே போக வேண்டும் என்று இருக்கும்.

நேராகப் போய்க் கேட்டேன்.

"உனக்கு கம்ப்யூட்டர்ல செதுக்கத் தெரியுமா?" என்றார் முதலாளி.

"தெரியாது சார். கத்துப்பேன்."

"எங்க?"

"கிடைக்கிற இடத்துல."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு கோபப்பட முடியாத மனிதர் அவர். "சரி, மாசக் கடைசி வரைக்கும் டைம். ஒரு பல்லு. நீயே டிசைன் பண்ணணும், மெஷின் கடையணும், அது ஒருத்தர் வாயில போய் ஒழுங்கா உக்காரணும். உக்காந்துச்சுன்னா நாற்காலி உனக்கு. இல்லன்னா டிசைன் வேலை மொத்தத்தையும் வெளிய குடுத்துடுவேன். அப்புறம் அந்த நாற்காலியே இருக்காது."

"யார் வாய் சார்?"

"அதையும் நீயே தேடிக்க. எவன் தைரியமா வாயைத் திறக்கிறானோ அவன்."

லேபிலிருந்த மென்பொருளில் வேலை நேரத்தில் பழக முடியாது. காசு கொடுத்துப் படிக்கும் வகுப்புகள் எல்லாம் அடுத்த வருஷம்தான் முடியும். ஆனால் நான் பனி பார்க்கப் போகிற உலகத்திலும், திரையில் உருவங்களைச் செதுக்கும் அதே தூரிகைகள் இருந்தன. தள்ளு, இழு, வழி, தேய். அங்கே வீடு கட்டுகிறவர்களும் குதிரை செய்கிறவர்களும் அவற்றைத்தான் பிடித்திருந்தார்கள். தேவைப்பட்டது பிடிக்கச் சொல்லித்தரும் ஓர் ஆள்.

அங்கே ஒரு வழக்கம். கற்றுக்கொடுங்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் வராது. கற்க வேண்டியவர் தப்புத் திடல் என்ற வெட்டவெளிக்குப் போய், தனக்குத் தெரிந்த லட்சணத்தில் வேலையைத் தொடங்க வேண்டும். எல்லோரும் பார்க்க, தப்புத் தப்பாக. அந்த வேலை தெரிந்த யாராவது அந்தப் பக்கம் வருவார். பார்ப்பார். நகர நினைப்பார், முடியாது. கடைசியில், "கை வைக்கலாமா?" என்று கேட்பார். "வைங்க" என்று சொல்லிவிட்டால் அவர்தான் உங்கள் வாத்தியார். கூலி ஒன்றே ஒன்று. கற்றுக்கொண்டவர், பிறகு இன்னொருவரின் தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா நழுவக் கூடாது.

எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. நல்ல வாத்தியாரைத் தேட வேண்டியதில்லை. தப்பை ஒளிக்காமல் இருந்தால் போதும். ஆனால் தப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டுமே!

தலைக்குப் பதில் கடிகாரம் வைத்திருந்த ஒரு பெண்தான் முதலில் நின்றாள்.

"உங்க காலடியில என்னமோ அழுக்கு."

"அழுக்கு இல்லைங்க, பல்லு."

"யாரோடது? எறும்போடதா?"

எனக்கு முதலில் முகம் சுண்டிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. அளவை மாற்றும் குமிழைப் பிடித்துத் திருகினேன். பல் என் முழங்கால் வரை வந்தது, இடுப்பு வரை வந்தது, திருகத் திருக என் தலைக்குமேல் போய், இரண்டு மாடி வீட்டின் உயரத்தில் வேர்களை மண்ணில் ஊன்றி நின்றது. திடலில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். கடிகாரத்தலை இரண்டு முள்ளையும் பன்னிரண்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். மரியாதைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தனை தப்பும் ஊரறியத் தெரிந்தது. அடுத்த நாளே பல்லின் ஒரு முகட்டில் கொக்கு ஒன்று வந்து உட்கார்ந்தது.

*

"இன்னிக்கு யார்கிட்ட பாடம்? மயில்கிட்டயா, மாட்டுகிட்டயா?" என்று கேட்டபடி அண்ணன் உள்ளே வந்தான். அவன் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவன். அவன் வண்டியில் அவன் பக்கத்துக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. பகல் முழுக்க அதில் காலை வைத்தே பழகியதால், வீட்டில் டிவியில் ஒரு லாரி வேகமாக வந்தாலும் அவன் வலது கால் தரையை மிதிக்கும். மாணவர் யாராவது அருமையாக ஓட்டினால் மட்டும், செருப்பைக் கழற்றும்போதே சொல்வான்: "இன்னிக்கு என் கால் பிரேக்குக்கே போகல." அவன் அகராதியில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

"கொக்குகிட்ட" என்றேன்.

"பேரு?"

"தெரியாது."

"ஊரு?"

"தெரியாது."

"ஆணா, பொண்ணா? அதாவது தெரியுமா?"

"கேட்டேன். 'கொக்கு'ன்னு பதில் வந்துச்சு."

சமையலறையில் அண்ணியின் சிரிப்புச் சத்தம். அண்ணனுக்கு அது எண்ணெய் ஊற்றியது போல ஆகிவிட்டது. "முகம் தெரியாத ஆள்கிட்ட எப்படி வாலு கத்துக்குவ?" வீட்டில் என் பெயர் வாலு.

"உன்கிட்ட கத்துக்க வர்றவங்க உன் முகத்தையா பாக்கிறாங்க? ரோட்டைத்தானே பாக்கிறாங்க!"

"அவர் முகத்தைப் பாத்து ஓட்டினா வண்டி மரத்துலதான் போய் நிக்கும்" என்றாள் அண்ணி, கரண்டியோடு வாசலில் வந்து நின்று.

அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் பாதி உடைந்து அவன் வாயில் மாதக்கணக்காக இருந்தது. சாலையில் புலி, பல் டாக்டர் நாற்காலியில் எலி. நாளைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தான்.

நான் அவனையே பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தாள். அவளுக்கு முதலாளி போட்ட நிபந்தனை தெரியும்.

"என்ன ரெண்டு பேரும் அப்படிப் பாக்கிறீங்க?" என்றான் அண்ணன்.

"ஒண்ணுமில்லைங்க. வாயை நல்லாத் திறங்க" என்றாள் அண்ணி.

*

கொக்கு அதிகம் பேசாது. ஒரு வரி வரும். நீண்ட இடைவெளி. அடுத்த வரி வரும். முதல் நாள் "கை வைக்கலாமா?" என்று கேட்டு, நான் "வைங்க" என்றதும் அது என் பல்லைத் தொடவே இல்லை. மேலே ஒரு சின்ன மேகத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. மழை பெய்தது. பல்லின் மேல்பரப்பில் தண்ணீர் தேங்கி நின்றது.

"இது பல்லா, தொட்டியா?"

மெழுகில் எத்தனையோ பல்லுக்கு முகடும் பள்ளமும் வைத்தவள் நான். கையில் கத்தி இருந்தால் அது தானாக வரும். திரையில் தூரிகை பிடித்தால் எல்லாம் மழுங்கி, நனைந்த சோப்பு மாதிரி ஆகிவிடுகிறது. அதைச் சொன்னேன்.

"மேலேர்ந்து பாத்துக்கிட்டே செதுக்குற. இறங்கி நட" என்றது கொக்கு.

இறங்கி நடந்தேன். எத்தனையோ வாய்களுக்குப் பல் செய்திருக்கிறேன். ஒரு பல்லின் மேல் நடந்தது அன்றுதான். வெள்ளை மலைகள் நாலு பக்கமும். நடுவில் ஈரமான பள்ளத்தாக்கு. எங்கேயோ படித்த கதையில் வரும் மலைக்கணவாய் போல, அந்தப் பக்கம் போனால் வேறு நாடு வரும் போல இருந்தது. சாப்பாடு நசுங்கி வழிந்து போகிற பாதை அது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாதையில் நின்றபோதுதான், அது எங்கே தடைபடுகிறது என்று காலுக்குத் தெரிந்தது.

"பள்ளத்தைத் தோண்டாத. மேட்டை எழுப்பு. பள்ளம் தானா வரும்."

எழுப்பினேன். ஒவ்வொரு நாளும் கொக்கு வரும், மழை கொண்டுவரும், குளம் எங்கே கட்டுகிறது என்று காட்டும், போய்விடும். தூரிகையைச் சின்னதாக்கி, அழுத்தாமல், முகட்டிலிருந்து கீழ்நோக்கிச் சின்னச் சின்னதாக இழுக்கச் சொல்லித்தந்தது. தன் வேலையைப் பற்றி ஒரே ஒருமுறை சொன்னது: "மலையில ரோடு போடுறவங்க நாங்க. தண்ணி நின்னா ரோடு போச்சு."

நாளடைவில் என் பல்லின் மேல் விழுந்த மழை ஒரு சொட்டு நிற்காமல் நாலு பக்கமும் அருவியாக இறங்கியது. திடலில் இருந்தவர்கள் அருவிக்கு அடியில் நின்று நனைந்தார்கள். என்னைக் கடைவாய் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அண்ணனை அண்ணி எப்படியோ மடக்கி, பல் டாக்டரம்மாவிடம் அனுப்பிவைத்தாள். அவர் உடைந்த பல்லைத் தேய்த்து ஒரு சின்ன முளையாக்கி, வாயைப் படம் பிடித்து எங்கள் லேபுக்கு அனுப்பினார். அந்த முளைமேல் தொப்பி மாதிரி உட்காரப் போகும் பல்லைத்தான் நான் செய்ய வேண்டும். துணைக்குப் போன அண்ணி வந்து சொன்னாள், தேய்க்கிற நேரம் முழுக்க அண்ணன் நாற்காலியின் கால்பலகையை வலது காலால் மிதித்துக்கொண்டே இருந்தானாம். டாக்டரம்மா, "சார், இது ஓடாது" என்றாராம்.

லேபில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணனின் முளை திரையில் சுழன்றது. அதன்மேல் மலைகளை எழுப்பினேன், பள்ளத்தாக்குகளை இறக்கினேன். பல் எங்கே மெலிகிறதோ அங்கே மஞ்சள் நிறம் காட்டும் வசதி ஒன்று அந்த மென்பொருளில் உண்டு. அது என் மலைகளின் அழகைக் கெடுத்தது. அணைத்துவிட்டேன்.

இயந்திரம் பீங்கான் கட்டியைக் கடைந்து முடித்தது. பல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முதலாளியும் குனிந்து பார்த்தார். "அடடா" என்றார். அவர் 'டா'வை முடிப்பதற்குள் அது என் விரல்களுக்கு நடுவே, பள்ளத்தாக்கின் வழியாகவே, இரண்டாகப் பிளந்தது.

இரண்டு துண்டையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன்.

"இன்னொரு கட்டி இருக்கு. மாசமும் இன்னும் முடியல" என்றார் முதலாளி.

*

அன்று மாலை பிளந்த பல்லை அப்படியே பெரிதாக்கித் திடலில் வைத்தேன். இரண்டு துண்டு, நடுவில் ஓர் ஆள் நடந்துபோகிற அளவு வெடிப்பு. கொக்கு வந்து ஒரு துண்டின் மேல் உட்கார்ந்தது.

"மழையில்லாமலே உடைஞ்சிருக்கே."

"நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்" என்றேன். குரலில் கொஞ்சம் குற்றச்சாட்டு இருந்திருக்கும்.

நீண்ட இடைவெளி. "கடைவாய், ஒண்ணு கேக்கிறேன். உன் பள்ளத்தாக்குக்குக் கீழ எவ்வளவு பாறை இருக்கு?"

"அரை மில்லிமீட்டர்."

கொக்கு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறியது. "எனக்குக் கீழ பூமி மொத்தமும் இருக்கு. அதை வெச்சுத்தான் நான் பேசினேன். ஆழத்துல என் பேச்சைக் கேக்காத. அது உன் ஊரு. உனக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரியும்தான். பிசைந்த மாவு மாதிரி பல்லைத் தொட்டுத் தொட்டுப் பழகிய கை இது. மெழுகில் இப்படி ஒரு பள்ளம் வெட்டியிருந்தால் கத்தி உள்ளே இறங்கும்போதே என் கட்டைவிரல் தானாக நின்றிருக்கும். திரையில் மயங்கி, அந்தக் கட்டைவிரலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். மலையை ஏற்றவும் வழியில்லை. வாய்க்குள் வானம் கிடையாது. மேலே எதிர்ப்பல் கூரை போட்டிருக்கிறது. கூரைக்கும் முளைக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர். அதற்குள் மலையும் வேண்டும், வழியும் வேண்டும்.

அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி வந்தது.

"நேரா இறக்கிவிட இடமே இல்லாத மலையில ரோடு எப்படிப் போடுவீங்க?"

இந்தமுறை இடைவெளியே இல்லை. "வளைச்சு! சுத்திச் சுத்தி இறக்குவோம். சரிவு கம்மி, தூரம் ஜாஸ்தி."

"சரிவு கம்மின்னா தண்ணி நிக்காதா?"

"போற வழியும் திறப்பும் இருந்தா நிக்காது. மெதுவாப் போகும். போயிடும்."

நான் அப்போதே வேலையைத் தொடங்கிவிட்டேன். கொக்கு பார்த்துக்கொண்டிருந்தது. அருவி போய்விட்டது, அதற்குப் பதில் முகடுகளைச் சுற்றிச் சாய்ந்து இறங்கும் ஆழமில்லாத ஓடைகள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு திறப்பு. மேகத்தை நானே கொண்டுவந்தேன். மழை விழுந்தது, தயங்கியது, வளைந்தது, வெளியேறியது. திரும்பிப் பார்த்தபோது கொக்கு இல்லை. வேலை முடிந்தால் விடைபெறாமல் போவது அங்கே வழக்கம்.

மறுநாள் லேபில் மஞ்சள் எச்சரிக்கையை முதலில் போட்டேன். அப்புறம்தான் தூரிகையைத் தொட்டேன். ஒரு கண் மலைகளில், ஒரு கண் மஞ்சளில். மஞ்சள் தலைகாட்டும்போதெல்லாம் பாதையை வளைத்தேன். இயந்திரம் கடைந்தது. சூளையில் சுட்டு, அண்ணனின் மற்றப் பற்களின் நிறத்துக்குச் சாயம் ஏற்றினேன். அவன் குடிக்கும் காபிக்குத் தகுந்தபடி கொஞ்சம் தாராளமாகவே ஏற்ற வேண்டியிருந்தது.

பல்லை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனபோது முதலாளியும் கூடவே வந்தார். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, கூரையைப் பார்த்தபடி, ஏதோ சாபம் போல "ஆ" என்றான். டாக்டரம்மா பல்லை முளைமேல் வைத்து ஒட்டினார். பசை இறுகியதும், ஓரத்தில் பிதுங்கியதைச் சுரண்டிவிட்டு, நீலத் தாள் ஒன்றை நடுவில் நீட்டினார்.

"கடிங்க. டக் டக்னு."

டக். டக்.

தாளை எடுத்ததும் புதுப் பல்லின் மேல் நீலப் புள்ளிகள். அதிகம் அழுந்துகிற இடத்தில் புள்ளி தடிமனாக விழும். அங்கே தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க என் பாதைகள் அழியும். டாக்டரம்மா கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தற்செயலாக அண்ணனின் காலைப் பார்த்தேன். அது கால்பலகையின் மேல், தூங்குகிற பூனை மாதிரி, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"தேய்க்க ஒண்ணும் இல்ல. யார் டிசைன்?" என்றார் டாக்டரம்மா.

முதலாளி என்னைக் காட்டவில்லை. "எங்க டிசைனர்" என்றார்.

மறுநாள் காலை அண்ணன் ஒரு முழு ஆப்பிளை எடுத்து, வேண்டுமென்றே இடது பக்கம் கடித்தான். சமையலறை வரை கேட்கும்படி மென்றான். மென்றுகொண்டே இருந்தான்.

"என்னங்க, ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள் அண்ணி.

விழுங்கிவிட்டு, வண்டிச் சாவியைத் தேடுவது போல என் பக்கம் பார்க்காமலே சொன்னான்: "நேத்து என் கால் பிரேக்குக்கே போகல."

அன்று மாலை இஸ்திரி மேசையை விரித்து உள்ளே போனேன். கொக்கைக் காணவில்லை, தேட வழியும் இல்லை. என் பெரிய பல் அங்கேயேதான் நின்றது. யாரோ அதன் வேருக்கு நடுவில் ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். ரயிலுக்குப் போய்ப் பனி பார்க்கலாம் என்று திரும்பினேன்.

திடலின் ஓரத்தில் ஒரு புதிய ஆள், இன்னும் முகம்கூட வரைந்துகொள்ளாத ஓர் ஆள், ஒரு சிங்கம் செய்துகொண்டிருந்தார். வாயைப் பிளந்த சிங்கம். கோரைப் பல்லும் கடைவாய்ப்பல்லும் ஒரே வடிவம். எல்லாம் சீப்பின் பல் மாதிரி வரிசையாக. அந்த வாயை மூடினால் நாக்கு துண்டாகிவிடும்.

எனக்கென்ன, ரயிலுக்கு நேரமாகிறது என்று நாலடி நடந்தேன். நின்றேன். இஸ்திரி மேசையின் அடிக்கம்பியை என் வலது கால் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது.

திரும்பிப் போய்க் கேட்டேன்:

"கை வைக்கலாமா?"